ஒரு ஆள் கூடுதல்

மாவட்டத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தார்.

ஏழு வட்டங்களையும் நானூற்றுப் பன்னிரண்டு கிராமங்களையும் மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்துவிட்டார் புள்ளியியல் எழுத்தர். அலுவலகத்தில் அவரைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிராமவாரியாக மக்கள்தொகையைக் கூட்டினால் 9,84,317 வந்தது. கலெக்டரோ போன வாரமே பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து 9,84,316 என்று அறிவித்துவிட்டார். மாவட்டக் கையேட்டின் அட்டையிலும் அதே எண் கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது. உள்பக்கங்கள் மாலை ஐந்துக்குள் அச்சகம் போய்ச் சேர வேண்டும்.

"மொத்தத்துல ஒண்ணு கூட்டிக்கலாமா சார்?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கலெக்டர் வாயால சொன்ன எண்ணை நீ மாத்துவியா? ஆளைக் குறைப்பா."

"எந்த ஆளை சார்?"

"ஒன்பது லட்சத்துல உனக்கு ஒருத்தன் கிடைக்க மாட்டானா?"

புள்ளி வீட்டுக்குப் போன் போட்டார். "வர நேரமாகும். ஒரு ஆளைத் தீர்த்துட்டு வரணும்."

"சரிங்க," என்றாள் மனைவி. "வரும்போது அப்படியே பால் வாங்கிட்டு வந்துடுங்க."

பெரிய நகரத்தில் ஒருவரைக் கழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். கழித்ததும், ஆணா பெண்ணா என்று அடுத்த பட்டியல் கேட்டது. ஆண் என்று எழுதினார். படித்தவரா என்று கேட்டது அதற்கடுத்தது. என்ன வேலை, என்ன வயது, ஓட்டு வீடா, மாடி வீடா? செத்தவரை விசாரிப்பதுபோல் பட்டியல்கள் துருவின. மணி நாலே முக்கால்.

அப்போதுதான் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது. கழிமுகத்துக்கு அப்பால் கடலுக்குள் ஒரு மணல்தீவு. வீடு ஒன்று. ஆண் ஒன்று. பெண் சுழி. மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் காவலர் ஒருவர் மட்டும். ஒன்றையெல்லாம் சுழியாக்கினால் வேலை முடிந்தது. நகரத்து ஆளைத் திருப்பிச் சேர்த்துவிட்டுப் புள்ளி சுழித்தார். மாவட்டம் கன கச்சிதமாகக் கூடியது. பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கடற்படையிலிருந்து கடிதம் வந்தது. 'மேற்படி தீவில் ஆள் யாரும் இல்லை என்பதை மாவட்டக் கையேடு உறுதி செய்வதால், வரும் வெள்ளி காலை பத்து மணிக்கு அங்கே பீரங்கிப் பயிற்சி நடத்தப்படும்.'

புள்ளி கடிதத்தோடு மழை அளவுப் பிரிவுக்கு ஓடினார்.

"அந்தத் தீவு ஆளுக்கு போன் இருக்கா?"

"கிடையாதுங்க. மழைக் கணக்கு மட்டும் வாராவாரம் தபால்ல டாண்ணு வந்துடும். போன வாரம்கூட வந்துச்சு."

ஆக, ஆள் உயிரோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வரைக்கும். புள்ளி கடற்படை அலுவலகத்துக்குப் பேசினார்.

"சார், தீவுல ஒரு ஆள் இருக்காருங்க."

"உங்க புஸ்தகம் இல்லைங்குதே?"

"அது அச்சுப்பிழை சார்."

"அப்ப திருத்தம் வெளியிட்டு அனுப்புங்க. வாய்வார்த்தைக்கெல்லாம் பீரங்கி நிக்காது."

திருத்தம் எழுதினார். தீவுக்கு ஒன்று கூட்டியதும் மாவட்டத்தில் மறுபடியும் ஒரு ஆள் கூடிவிட்டார். கண்காணிப்பாளர் திருத்தத்தைத் தொடக்கூட இல்லை. "அட்டையில இருக்கற எண்ணுக்குக் கொண்டு வா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

இன்னொரு அப்பாவியைக் கழிக்கப் புள்ளிக்கு மனசு வரவில்லை. கழித்தால் சொந்தத்தில்தான் கழிக்க வேண்டும் என்று தன் தெருவிலேயே ஒன்றைக் குறைத்தார். அதை வீட்டில் சொன்னதுதான் தப்பு.

"நம்ம தெருவுல யாரைக் குறைச்சீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா ஒரு பேச்சுக்கு, உன் தம்பின்னு வெச்சுக்கயேன். மூணு வருஷமா இங்கதானே உக்காந்திருக்கான்."

"என் தம்பியா! ஏன், உங்க தம்பியைக் குறைக்கறது?"

"அவன் வேற மாவட்டம்டி!"

மச்சான் உள்ளேயிருந்து வந்தான். "கணக்குல இல்லாதவனுக்குச் சோறு எதுக்கு மாமா?" என்று தழுதழுத்தவன், இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு படுத்தான். மனைவி அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

திருத்தமோ ஏழு கையெழுத்துக்காக ஏழு மேசைகளில் ஊர்ந்தது. வியாழன் மாலை நாலாவது மேசையில் இருந்தது. அந்த மேசைக்காரர் விடுப்பில் இருந்தார்.

இனிக் காகிதத்தை நம்பிப் பயனில்லை. வெள்ளி காலை ஏழு மணிக்குப் புள்ளி படகுத்துறையில் நின்றார். ஒரே ஒரு படகுக்காரர்தான் இருந்தார்.

"மணல்தீவுக்குப் போகணும்."

படகுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அங்க ஒண்ணுமில்லையே சார். நீங்க எந்த ஆபீஸ்?"

"கலெக்டர் ஆபீஸ். அங்க இருக்கற மழைமானிக்காரரைப் பாக்கணும். அவசரம். விஷயத்தை அவர்கிட்டதான் சொல்லுவேன்."

படகுக்காரருக்கு முகம் செத்துப்போனது. வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. புள்ளி திறந்தார், மூன்று முறை, படகின் ஓரமாகக் குனிந்து.

தீவில் இறங்கி ஓடினார். ஓர் அறை வீடு. துருப்பிடித்த பூட்டு. கதவு நெடுக ஒட்டடை. மழைமானிக்குள் நண்டு ஒன்று குடியிருந்தது.

"ஐயா! மழைமானி ஐயா!"

அலை மட்டும் பதில் சொன்னது. மணி ஒன்பதரை. தொலைவில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. புள்ளி தீவை இரண்டு முறை சுற்றினார். பிறகு மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிளம்பலாம் சார்," என்றார் படகுக்காரர்.

"அந்த மனுஷன் கிடைக்காம நான் நகர மாட்டேன்."

"சார், நேரமாகுது..."

"பத்து மணிக்கு இங்க குண்டு விழப்போகுதுய்யா! ஒரு உசுரு! சுழின்னு போட்டது நான். என் கையால போனவர் அவர்!" புள்ளி விசும்பினார். "அவரோட பெண்டாட்டி பிள்ளைங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

படகுக்காரர் கப்பலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"வேலை போனாலும் பரவால்ல, எந்திரிங்க சார், அந்த மழைமானிக்காரன் நான்தான், நாலு வருஷமா டவுன்ல மாமனார் வீட்டுலதான் இருக்கேன், கணக்கெடுக்க வந்தவங்க அங்க ஒரு தடவை எழுதினாங்க, மாட்டிக்கக் கூடாதேன்னு இங்கயும் வந்து நின்னு இன்னொரு தடவை எழுத வெச்சேன்!"