நடுவே கிடந்த இடைவெளி

பிழை இல்லாத இடத்திலும் பிழை கண்டு திருத்துவது என் பிறவிக் குணம். அதனால் ஒருவரின் ஆறு மாதங்களை அழித்திருக்கிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே, அங்கிருந்த கணினி அறையையும் பகுதிநேரமாகக் கவனித்துவந்தேன். எல்லாருடைய கோப்புகளும் ஒரே லினக்ஸ் சர்வரில் இருந்தன. அன்று மாலை ஐந்து மணிக்குள் பொற்கொடி அக்கா தமது முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். முடிவுரையை அடித்து முடித்த வேளையில், வட்டு நிறைந்துவிட்டதென்று சர்வர் சேமிக்க மறுத்தது. அணைத்தால் முடிவுரை போய்விடும்; ஓடும்போதே இடத்தைப் பெருக்க வேண்டும்.

சர்வர் பொறுப்பாளர் கோகுல் அண்ணன் அன்று திருமங்கலத்தில் மணமேடையில் இருந்தார். (மாப்பிள்ளையாகத்தான்.)

"தாலி கட்டியாச்சு, சொல்லும்மா," என்றார் தொலைபேசியில்.

"எடம் பத்தலண்ணே."

"வட்டோட கடைசில எடம் சும்மா கெடக்கு. கோப்பு இருக்க பகுதியோட எல்லைய அழிச்சிட்டு, பெருசா மறுபடி போடு. உள்ள இருக்கது போகாது. அது ஆரம்பிக்கிற எடத்தோட நம்பர் மட்டும் மாறக் கூடாது."

எல்லையை அழித்த பிறகுதான் கவனித்தேன். முந்தைய பகுதி முடிந்த இடத்துக்கும் இந்தப் பகுதி தொடங்கிய இடத்துக்கும் நடுவே காரணமற்ற ஓர் இடைவெளி. யாரோ கவனக்குறைவாக விட்டதெனத் தீர்ப்பளித்து, அதையும் சேர்த்துப் புதிய எல்லையைச் சற்று முன்னாலிருந்தே தொடங்கினேன்.

"நடுவுல இருந்த எடத்தையும் சேத்துட்டேண்ணே."

நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார்.

"பழைய நம்பர் என்ன?"

"தப்புன்னு நெனச்சுக் குறிச்சு வைக்கலண்ணே."

"மெஷின் இன்னும் பழைய எல்லைய ஞாபகத்துல வச்சுத்தான் ஓடுது. அணைச்சிராத. அதுகிட்டயே கேட்டு வாங்கிரலாம், எழுதிக்க..."

மின்சாரம் போயிற்று. (யுபிஎஸ் சில மாதங்களாகவே பெயரளவில்தான் இருந்தது.)

"என்னத்தடி செஞ்ச?" என்றார் அக்கா, இருண்ட திரையைப் பார்த்தபடி.

"ஒழுங்குபடுத்துனேன்க்கா."

மின்சாரம் திரும்பியபோது சர்வர் எழுந்தது; கோப்புகள் எழவில்லை. பட்டுவேட்டியோடு வந்த கோகுல் அண்ணன் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தார்.

"இன்னும் எம்புட்டு நேரமுங்க?" என்று காரிலிருந்து இறங்கி வந்து கேட்டார் மணப்பெண்.

ஏழு மணிக்கு ஆய்வேடு கிடைத்தது, முடிவுரை இல்லாமல். அலுவலகம் ஐந்துக்கே பூட்டப்பட்டிருந்தது. அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான்.

அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் நானும் இருக்கிறேன்: 'முடிவுரையை மேலும் ஆறு மாதம் செம்மைப்படுத்த வாய்ப்பளித்த தங்கைக்கு.' வீட்டுக்கு வருகிற விருந்தினர் எல்லாருக்கும் என் தம்பி அதை உரக்கப் படித்துக் காட்டுவான். சிரிப்பு அடங்கும்வரை நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருப்பேன். மகள் டாக்டர் பட்டம் வாங்குவதைப் பார்க்கக் காத்திருந்த அக்காவின் அப்பா, அந்த ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார் என்று தம்பியிடம் நான் சொன்னதில்லை.