மிச்சர் குறுக்க ஓடின நாள்

இன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். ஹவுஸ் ஓனர் ராஜாங்கம் அண்ணன்கிட்ட "சரி"ன்னு ஒரு வார்த்தை வாங்கணும்.

எதுக்குன்னா, வீட்டுல ஒரு பூனை இருக்கு. காப்பகத்துல இருந்து தூக்கிட்டு வந்தது. "கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க, ஒத்துப் போச்சுன்னா தத்து எடுத்துக்கங்க"ன்னு குடுத்தாங்க. ஒத்துப் போறதாவது! கறுப்பு, வெள்ளை, காவின்னு எல்லாம் கலந்து கெடந்ததால மிச்சர்னு பேரு வச்சு, தலகாணியில பாதியை அவளுக்கு எழுதிக் குடுத்தாச்சு.

இன்னைக்குக் கடைசி நாள். காப்பகத்து மேடம் போன் பண்ணுவாங்க. ஹவுஸ் ஓனர் அவர் வாயாலயே சம்மதம்னு சொல்லணும். சொல்லலைன்னா சாயங்காலம் வந்து மிச்சரைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

இதுல ஒரு சின்னச் சிக்கல். வீட்டுல பூனை இருக்குறதே அண்ணனுக்குத் தெரியாது. அவரு ராகு காலம் பாக்காம கேட்டைக்கூடத் தொறக்க மாட்டார்.

நான் டவுனுக்குள்ள, பள்ளிவாசல் பக்கத்துல பொறந்து வளந்தவ. எங்க தெருவுல பூனை குறுக்க வந்தா குனிஞ்சு தடவிக் குடுத்துட்டுப் போவோம். கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்தப்புறம்தான் பூனைக்கு இம்புட்டு பவர் இருக்குன்னே தெரிஞ்சுச்சு.

காலைல அண்ணன் மாடியில இருந்து எறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, செண்ட் வாசம். ஆளு நல்ல மூடுல இருக்கார், இப்பவே கேட்டுருவோம்னு கதவைத் தொறந்தேன்.

மிச்சர் என் காலுக்கு நடுவுல பூந்து வெளிய பாஞ்சா. நேரா அண்ணன் முன்னாடி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு, குறுக்க ஓடினா.

அண்ணன் நின்னார். பூனையைப் பாத்தார். என்னைப் பாத்தார். திரும்பி மாடி ஏறிட்டார்.

யா அல்லா, போச்சு.

மேல சொம்புச் சத்தம் கேட்டுச்சு. தண்ணி குடிச்சு, கொஞ்சம் உக்காந்துட்டு மறுபடி எறங்கினார். அதுக்குள்ள மிச்சரைப் புடிச்சுறலாம்னு நான் தொடப்பத்தோட வெரட்டினேன் பாருங்க, அவரு கடைசிப் படியில கால் வைக்கிறப்ப அவ சரியா திரும்பி ஓடி வந்தா. மறுபடி மாடி. மறுபடி சொம்பு.

மூணாவது தடவ அவர் எறங்குறப்ப மிச்சரை நெஞ்சோட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. இனிமே வரவே வராது."

"ஏம்மா, அதக் கீழ விடு."

"அண்ணே?"

மாடியை ஒரு பார்வை பாத்துட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனியாபுரத்துல மச்சினன் வீட்டுக்குக் கூப்புடுறா உங்க மதினி. அவன் சிங்கப்பூர் டூர் போயிட்டு வந்திருக்கான்மா. எடுத்த வீடியோ அம்புட்டையும் டிவியில போட்டுக் காட்டுறான். போன வாரம் பகல் பூரா பாத்தேன், அவன் இன்னும் ஏர்போர்ட்டையே தாண்டல. இதை இன்னொரு தடவ ஓட விட்டீன்னா பயணத்தையே தள்ளிப் போட்டுருவா."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! உடனே மிச்சரைக் கீழ விட்டேன். அவ நிதானமா உக்காந்து காலை நக்க ஆரம்பிச்சா.

"என்னம்மா, ஓட மாட்டேங்குது?"

"மிச்சர் சொன்னதெல்லாம் கேக்காதுண்ணே. பூனைல்ல."

உள்ள ஓடி நெத்திலிக் கருவாடு எடுத்துட்டு வந்தேன். அண்ணன் அதை வாங்கி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வாசலுக்கு அந்தப் பக்கம் போயிக் குத்தவச்சு உக்காந்தார். "மிச்சரு, வாடி தங்கம், ஒரே ஒரு நடை வந்துட்டுப் போ."

அவரே அந்தப் பக்கம் போயிட்டா பூனை யாருக்குக் குறுக்க போகும்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணல.

அப்பப் பாத்து போன் அடிச்சுச்சு. காப்பகத்து மேடம். ஸ்பீக்கர்ல போட்டு அண்ணன் பக்கம் நீட்டினேன்.

"ஹவுஸ் ஓனர் சாருங்களா? பூனை வளக்குறதுல உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கா? நல்லாக் கேட்டீங்க. இன்னொண்ணு இருந்தாலும் குடுத்து விடுங்க."

எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. குதிச்சும் இருப்பேன், பின்னாடி வளையல் சத்தம் கேக்கலைன்னா. படியில மதினி. பட்டுச்சேலை, கையில பழப்பை. எம்புட்டு நேரமா நிக்கிறாங்கன்னு தெரியல.

புருஷனைப் பாத்தாங்க. கருவாட்டைப் பாத்தாங்க. என் கையில இருந்து போனை வாங்கினாங்க.

"மேடம், வீடு எம்பேர்ல இருக்கு. என்கிட்டக் கேளுங்க."

காலைல இருந்து தப்பான ஓனரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

"பூனை இருக்கட்டும். எனக்குச் சம்மதந்தேன்"னுட்டு மதினி போனை வச்சாங்க. நான் மூச்சு விடுறதுக்குள்ள எம்பக்கம் திரும்பினாங்க. "ஷமீமா, அதக் கூடையில போடு. எங்ககூடவே ஆட்டோல அவனியாபுரம் வரட்டும். கூடவே வந்தா குறுக்க போக முடியாதுல்ல?"

அண்ணன் மொகம் தொங்கிப் போச்சு. "கூடையை யாரு புடிச்சுக்கிறது?"ன்னு கடைசியா ஒரு முயற்சி பண்ணிப் பாத்தார்.

மதினி என்னைப் பாத்தாங்க.

மிச்சர் இப்ப எங்க வீட்டுப் பூனை. சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல எஸ்கலேட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னு யாருக்காவது தெரியணும்னா என்னைக் கேளுங்க.