மூன்றாவது மாடிப் பள்ளிக்கூடம்

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த போனை வைத்ததும் சந்திரமௌலி முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. நாளைக் காலை ஒரு மேடம் விசாரணைக்கு வருகிறாராம். எதைப் பற்றி என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

கேட்கவே வேண்டாம், அவருக்குத் தெரியும். ஒன்பது வயது மகள் மதுவந்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், மந்தைவெளி ஃபிளாட்டிலேயே உட்காரவைத்து அவர்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அதற்காக ஆடிட்டர் ஆபீஸ் வேலையையே விட்டவர். இப்போது அரசாங்கம் வந்து, குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஏதோ ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டால்?

கிண்டியில் வேலை பார்க்கும் மனைவி ஸ்ரீலக்ஷ்மி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பினாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போறும். வந்து பார்த்துண்டு போயிடுவா."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது சந்திரமௌலியின் ஜாதகத்திலேயே கிடையாது. பார்க்கிற கண்ணுக்கு வீடு பள்ளிக்கூடம் மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதானே என்று கிளம்பினார். மாட வீதிப் பக்கம் அலைந்து ஒரு கரும்பலகை வாங்கிவந்து, டிவி இருந்த இடத்தில் மாட்டினார். பூஜை மணியை எடுத்து வாசற்கதவில் கட்டினார். சுவரில் கால அட்டவணை ஒட்டினார். அதில் நீதிபோதனை வகுப்புகூட இருந்தது. மதுவந்தி எல்லாவற்றையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே படிக்கும் குழந்தைகள் மற்ற குழந்தைகளோடு பழகுவதில்லை என்பதுதான் அதிகாரிகள் சொல்லும் பெரிய குறை என்று சாயங்காலம் இணையத்தில் படித்தார். உடனே படியேறி இறங்கி, அதே கட்டடத்திலிருந்து ஐந்து குழந்தைகளை இரவல் கேட்டார். மறுநாள் பள்ளி நாள்தான். இருந்தும் யாரும் மறுக்கவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீனிவாசராகவன் தன் இரட்டைப் பேரன்களைத் தரச் சம்மதித்து, சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார்.

ஐந்து பேருக்கும் ஒரே பள்ளி. எல்லா வீட்டிலிருந்தும் டீச்சருக்கு 'காய்ச்சல், லீவு' என்று வாட்ஸ்அப் போனது. பள்ளியின் பெயர் தெரியக்கூடாது என்று எல்லோரையும் வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை கல்வி அலுவலகத்துச் செண்பகம் மேடம் சொன்னபடி வந்தார். கதவைத் திறந்ததும் மணி அடித்தது. ஆறு குழந்தைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்று நீட்டி இழுத்தார்கள். அந்த இழுப்பில் சந்திரமௌலிக்குப் புல்லரித்தது.

மேடம் ஹாலை ஒரு சுற்று பார்த்தார். "மொத்தம் எத்தினி பசங்க சார்?"

ஆறு என்றார் சந்திரமௌலி பெருமையாக. சீருடை வெள்ளையா, வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று மேடம் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னார். தீயணைப்புத் துறைச் சான்றிதழ் எங்கே, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை உண்டா என்று கேட்டபோதுதான் வியர்த்தது.

"அங்கீகாரம் வாங்காம ஸ்கூல் நடத்துறது குத்தம் சார். தெரியுமில்ல?"

இது பள்ளியே இல்லை, ஐந்து பேர் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் என்று அவசரமாக விளக்கினார். அப்படியானால் பள்ளி நாளில் இங்கே என்ன செய்கிறார்கள் என்றார் மேடம். சந்திரமௌலி வாயில் வந்ததைச் சொன்னார். ஐந்து பேருக்கும் காய்ச்சல்.

மேடம் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு கைக்குட்டையால் மூக்கை மூடினார். காய்ச்சல்காரர்களில் இரட்டையர் இருவரும் டஸ்டரால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி மறுபடி அடித்தது. வாசலில் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் நாகராஜ், தோளில் புகை மெஷினோடு நின்றார். ஒரே கட்டடத்தில் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றதும் பள்ளிக்கூடம் பயந்துபோய் மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் மூன்றாவது மாடியைக் கைகாட்டியிருந்தார்கள்.

"இங்க அஞ்சு பசங்களுக்கு டெங்குவாமே சார்? நர்சம்மா ரத்தம் எடுக்கப் பின்னாடியே வந்துகினு கீறாங்க."

ரத்தம் என்றதும் ஐவரும், காய்ச்சலே இல்லை, மௌலி மாமாதான் வரச் சொன்னார் என்று ஒரே குரலில் அழுதார்கள். அதற்காக நாகராஜ் வந்த வேலையை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. மெஷினை ஸ்டார்ட் செய்தார்.

எல்லோரும் இருமிக்கொண்டே மாடிப்படிக்கு ஓடிவந்தார்கள். கண் எரிச்சலும் அவமானமும் சேர்ந்து சந்திரமௌலிக்கு ரோஷம் வந்துவிட்டது. மதுவந்தியை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நேத்திலேர்ந்து நான் பண்ணினதெல்லாம் தப்புதான் மேடம். ஆனா எம்பொண்ணை எங்காத்துல வச்சுண்டு நானே படிக்க வைக்கறேன். பெத்தவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?"

மேடம் கைக்குட்டையை இறக்கி, அவரையும் அவர் அணைப்பிலிருந்த பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தாராளமா படிக்க வைங்க சார், அதை யாரு கேட்டா? போன வாரம் கலெக்டர் மழை லீவு விட்ட அன்னிக்கும் இந்த அட்ரஸ்ல கிளாஸ் நடத்துனாங்கன்னு மதுவந்தின்னு ஒரு பொண்ணு ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணி அழுதுச்சு. அது எந்த ஸ்கூலுன்னு பாக்கத்தான் வந்தேன்."