விளக்கு எரியும்வரை பேசியவர்

நாட்டை ஆள்வதற்கு நல்ல வயிற்றில் பிறந்தால் போதும். ரேடியோவில் பேசுவதற்கோ பயிற்சி வேண்டும். இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்தியவர் நூம்பல் ஜம்புலிங்கம்.

ஏரி மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. மடைச்சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. கரைமேல் நின்று அவர் கூவினால் குமணன்சாவடியில் மாடு திரும்பிப் பார்க்கும். யுத்தம் மூண்ட சமயம், கிராமத்தாருக்குப் புத்தி சொல்ல ரேடியோ ஆபீசில் ஒரு கிராமத்துக் குரல் தேடுவதாகச் சேதி வந்தது. அத்தனை காலமும் புத்தியில்லாமலே நெல் விளைந்ததை நினைத்து ஊரே வெட்கப்பட்டது.

பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லியிலிருந்து கிறிஸ்துதாஸ் வந்தார். அந்த ஆபீசில் மூன்று மாதம் 'ஒலிபரப்பு நிர்வாகம்' பார்த்தவர். அதாவது, பேசும் அறையின் கதவைத் திறந்து மூடியவர். தட்சணை, தினம் ஒரு சுரைக்காய்.

முதல் பாடம், எதிரே ஆளில்லாமல் சிரிப்பது. ஜம்புலிங்கம் மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்துச் சிரித்ததில் எருமை இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை. இரண்டாம் பாடம் மைக்கு. அதற்கு ஒரு சொம்பைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். மூன்றாவதுதான் உச்சிப் பாடம். அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றினார் கிறிஸ்துதாஸ்.

"அண்ணாத்தே, இது எரியறப்போ நீ பேசிக்கினே இருக்கணும். கதவுக்குத் தாப்பா. இடி உழுந்தாலும் உனக்குக் காது கெடையாது. வெளக்க அணைக்கிறது மேலதிகாரி வேலை, நீ தொடக்கூடாது."

"மேலதிகாரி யாரு?"

"இப்போதைக்கு நான்தான்."

ஒத்திகை நாளும் வந்தது. அன்று காலை நாற்றங்காலுக்கு ஜம்புலிங்கம் மடை திறந்திருந்தார். கால்மணி நேரத் தண்ணீர் போதும். மடைக்கு அடியில் பள்ளத்தில் இருந்தது அவர் மனைவி நாகம்மாள் இரண்டு நாள் முன்பு விதைத்த நாற்றங்கால். வீட்டில் அதற்கு மேல் ஒரு படி விதைநெல் கிடையாது. பேச்சும் கால்மணி நேரம்தான். முடித்ததும் போய் மூடிவிடலாம் என்பது திட்டம். தலைப்பு, 'தண்ணீரை வீணாக்காதீர்'.

கிறிஸ்துதாஸ் ஜம்புலிங்கத்தின் வீட்டு அறையில் விளக்கை ஏற்றினார், கதவைத் தாழிடச் சொன்னார், டீ குடிக்கக் குமணன்சாவடிக்கு நடந்தார்.

பேச்சு முடிந்தது. விளக்கு எரிந்தது. ஜம்புலிங்கம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாம் தடவை பாதியில், முழங்கால் வரை சேறோடு நாகம்மாள் ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யோவ், வெதநெல்லு மெதக்குது. வந்து மூடு. இல்லாங்காட்டி சாவியயாச்சும் குடு."

அவருக்குக் கேட்டது. கை இடுப்புக்குக்கூடப் போயிற்று. விளக்கைப் பார்த்தார், கை திரும்பி வந்துவிட்டது. "அன்பார்ந்த விவசாயிகளே, ஒரு சொட்டு நீரும் பொன்" என்று சொம்பைப் பார்த்துச் சிரித்தார். நாகம்மாள் கதவை உதைத்தாள். தாழ் நல்ல இரும்பு.

மண்ணெண்ணெய் தீர உச்சிவேளை ஆயிற்று. அதற்குள் விதைநெல் கூவம் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ரேடியோ ஆபீஸ் தேர்வில் அதிகாரி முன்னனுபவம் கேட்டார். ஜம்புலிங்கம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கினார். எம்.ஏ. படித்தவனிடமும் இந்தத் தகுதியைக் காண முடியவில்லை என்று வருத்தப்பட்டார். அன்றே உத்தியோகம்.

அடுத்த வருஷம் எந்தக் கடையிலும் அரிசி இல்லை. குறை தீர்க்கச் சர்க்கார் ஊர்ச் சாவடிக்கு ஒரு ரேடியோப் பெட்டி அனுப்பிற்று. அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு, கூண்டுக்குப் பூட்டு, சாவி கிராம முன்சீப்பிடம். மாலையில் பெட்டி பேசியது. ஜம்புலிங்கத்தின் குரல்தான், நல்ல சிரித்த குரல். அரிசிக்குத் தட்டுப்பாடே இல்லை என்றது.

பக்கத்து வீட்டு மதுரைவீரனுக்குப் பொறுக்கவில்லை. கூண்டைப் பிடித்து உலுக்கினான். "இன்னா மாமே பேசற? எங்க ஊட்ல மூணு நாளா அடுப்பு எரியல."

நாகம்மாள் அவனை இழுத்து நிறுத்தினாள். பெட்டியின் முகத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவர்கிட்ட கத்தாத, வெளக்கு எரியுது. அதை அணைக்க வேண்டியவன் எங்க டீ குடிச்சிக்கினு கீறான்னு பாரு. அவனைப் புடி."