விலக்கு உண்டு, டீச்சர்

"பெத்தவங்க புள்ளையை இஸ்கூலுக்கு அனுப்பியே ஆவணும்னு சட்டம் இருக்குதுன்றீங்க. அதே சட்டத்துல விலக்கும் இருக்குது டீச்சர்," என்று திருமுருகன் செல்போனை நீட்டினார். அதில் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிரின்சி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். கூட இருந்த ஒரே டீச்சரும் பயிற்சிக்கு விழுப்புரம் போயிருந்தார். இன்றைக்கென்று பார்த்து அதிகாரி வருகிறார். ஒரு பிள்ளை குறைந்தாலும் மெமோ என்று போன மாதமே மிரட்டிவிட்டுப் போனவர். மூன்றாம் வகுப்புக் கலைப்பிரியாவோ நேற்றும் வரவில்லை. அதனால் திண்டிவனத்திலிருந்து கிளம்பிய ஸ்கூட்டியைப் பள்ளிப் பக்கம்கூடத் திருப்பாமல், நேராக அவள் அப்பா திருமுருகனின் வீட்டுக்கு வந்திருந்தார்.

"என்ன விலக்குண்ணா?"

"ஒடம்பு சரியில்லன்னா அனுப்ப வேணாமாம். பாப்பாவுக்கு ஜுரம்."

"அய்யோ! இருங்க, நர்சம்மாவைக் கூப்பிடறேன்."

இதோ வருகிறேன் என்ற நர்சம்மாவுக்காக வெகுநேரம் காத்திருந்தார்கள். ஊசியும் வருகிறது என்று தெரிந்ததும் ஜுரம் தானாகவே விட்டுவிட்டது.

"சரி, அத்த வுடுங்க. இஸ்கூலு தூரம்னாலும் விலக்கு உண்டு."

"ஏரிக்கரையில நடந்தா கூப்பிடு தூரம்தானே?"

"அது குறுக்கு வழி. ரோட்டுல சுத்திப் பாருங்க, தெரியும்."

டீச்சரும் விடவில்லை. அவரையே பின்னால் ஏற்றிக்கொண்டு அளக்கக் கிளம்பினார். பாதி வழியில் ஸ்கூட்டி பஞ்சர். அதுவும் சரியாகத் திருமுருகனின் வேர்க்கடலைக் கொல்லைக்கு எதிரே.

"வீட்டுலயே சொல்லிக்குடுத்தாலும் விலக்கு உண்டு டீச்சர்."

"நீங்க என்ன சொல்லிக்குடுக்கறீங்க?"

"மல்லாட்டை புடுங்க."

சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். "மழை வர்றாப்புல இருக்குது. ஆளு கெடைக்கல. வுட்டா அத்தனையும் மொளைச்சிடும். நான் இன்னா பண்றது? காலையிலேயே பாப்பாவைக் கொல்லைக்கு அனுப்பிட்டேன். அதோ, கோடியில புடுங்கிக்கினு இருப்பா."

டீச்சருக்குப் பாவமாகத்தான் இருந்தது. மெமோவை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

"அவ பங்கை நான் புடுங்கறேன். அவளை அனுப்பிடுவீங்களா?"

"இந்த வரிசையை முடிச்சுக் குடுங்க. ஜல்தியா அனுப்பிடறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டீச்சர் இறங்கினார். நகக்கண்ணெல்லாம் செம்மண். இடுப்பு பிடித்துக்கொண்டது. திருமுருகன் வேறு, "வேரோட வரணும் டீச்சர்," என்று பாடம் நடத்திக்கொண்டே பக்கத்து வரிசையில் வந்தார்.

ஒருவழியாகக் கோடிக்கு வந்தால், அங்கே ஒரு காலிக் கூடைதான் கிடந்தது. பிள்ளையைக் காணோம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சரின் போன் அடித்தது. பள்ளியில் சத்துணவு சமைக்கும் வீரம்மாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"கலைப்பிரியா ஏரிக்கரை வழியா அப்பவே ஓடியாந்துடுச்சு டீச்சர், எல்லாப் புள்ளைங்களும் வந்தாச்சு, வராதது நீங்க ஒருத்தர்தானான்னு ஆபீசரு கேக்கறாரு!"