நிக்கிற பாட்டும் என் நாத்தனாரும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், நலம் என்று சொல்ல மாட்டேன். உன் முழங்கால், அத்தானின் தூக்கம், பெரியவனின் புது வேலை எல்லாம் நன்றாகவே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாக விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கச்சேரிக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்று கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை செய்தபோது, மூடி வைத்த கண்ணின் பக்கமே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக "இந்தக் கண்ணத்தானேம்மா நீங்களே மூடி வெச்சிருக்கீங்க?" என்றார். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், இவரும் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் நடந்ததை எனக்கே நம்ப முடியும். நாம் கல்லூரியில் படித்தபோது, ஒரே கைப்பையை ஆளுக்குக் கொஞ்ச நேரமாகத் தோளில் மாட்டிக்கொண்டு நம் அபிமான இசைக்குழுவின் கச்சேரிக்குப் போனோமே, அன்றுதான் அவர்கள் அந்தப் பாட்டை முதல் தடவை மேடையில் பாடினார்கள். "நீ வரும் வழியில் நான் எங்கே நிற்பேன்" என்று பாடகர் உருகி நிறுத்தினார், எல்லா வாத்தியமும் அடங்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், அந்த அமைதியில் என் காதோரம் "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க, ஒண்ணும் தெரியல!" என்று ஒரு கத்தல். நமக்கு முன்னால் கம்பம் மாதிரி நின்றிருந்த ஆள் பொத்தென்று உட்கார்ந்தான், அவன் உட்கார்ந்த அதே நொடியில் டிரம்மர் அடியை ஆரம்பித்தார், அரங்கமே சிரித்துக் கைதட்டியது, நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றைய கச்சேரி கேசட்டாக வந்தபோது உன் கத்தலும் அதில் வந்தது. அப்புறம் அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்று ஆகிவிட்டது. எந்த ஊர்க் கச்சேரியானாலும் அந்த இடத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அதையே கத்திவிட்டு, டக்கென்று உட்காருகிறது. நாம் அதற்கு நிக்கிற பாட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

பிரசவ வலியில் அந்த கேசட்டைத்தான் கேட்டேன். நீ கல்யாணமாகித் தூரமாகப் போன வருஷம் அந்த ஒரு இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டதில் நாடாவே தேய்ந்துபோயிற்று. கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்த்து "ஒண்ணும் தெரியலம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று பல பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் இவர் அதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுப் பொண்ணு கத்துற மாதிரியே இருக்கே" என்று சொல்லப்போக, இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. என் அக்காவின் குரலைப் போய் யாரோடு சேர்ப்பது!

இந்தத் தடவை உனக்கு முழங்கால் வலி. "என் டிக்கெட்ல உன் நாத்தனாரக் கூட்டிட்டுப் போயேன்" என்று பெரிய மனசோடு சொன்னாய். உன் பெரிய மனசைத் தூக்கிக் குப்பையில் போடு. என் நாத்தனாரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், அவள் "பிரேக்!" என்றால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நிற்கும். என் சமையலுக்கும் என் மகள் தலை பின்னிக்கொள்வதற்கும் சேர்த்து அதே குரலில்தான் கருத்துச் சொல்லுவாள். சரி, டிக்கெட் வீணாகக் கூடாதே என்று அழைத்துப் போனேன்.

நிக்கிற பாட்டு வரும் நேரம். பாடகருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது அக்கா, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டு பாதிதான் எங்களுது. மீதி, அன்னிக்குக் கத்தின அந்தப் பொண்ணோடது. இத்தன வருஷமா அவங்கள நான் பார்த்ததே இல்ல. ஒருவேளை இங்க இருந்தா எந்திரிங்க, ஒரு தடவ முகத்தப் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எங்க அக்கா! வர முடியல, முழங்கால் வலி!" என்று சொல்ல எழுந்தேன். முழுதாக எழவில்லை, அதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து "நான்தான்!" என்று ஒரு குரல். யார்? என் நாத்தனார்! கையை உயர்த்திக்கொண்டு, எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு, மேடைக்கே போய்விட்டாள்!

நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். அவள் மைக்கில் கதை சொல்கிறாள். முன்னால் உயரமான ஆளாம். இவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் இரண்டு பெண்களாம், ஒரு கைப்பையை இரண்டு பேரும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு இருந்தார்களாம். நான் வீட்டில் ஆயிரம் தடவை சொன்ன கதையைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள் பார். கைப்பை விஷயம் எப்போது சொன்னேன் என்றுதான் நினைவில்லை. பாடகர் சிரித்துக்கொண்டே, "எங்க, ஒரு தடவ கத்துங்க" என்றார். கத்தினாள். டிரம்மர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அப்படியே கேசட் குரல் என்று அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. அக்கா, தினமும் ரோட்டில் கத்துகிறவளுக்கு ஒரு குரலைப் போலச் செய்து காட்டுவது பெரிய காரியமா? அப்புறம் பாட்டு நடந்தது, அந்த இடம் வந்தது, மொத்தக் கூட்டமும் எழுந்து கத்திவிட்டு உட்கார்ந்தது. நான் மட்டும் மரம் மாதிரி நிற்கிறேன். பாடகர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "அக்கா, நீங்களும் உக்காருங்க, பின்னாடி தெரியலயாம்" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. இத்தனை வருஷம் இந்தப் பாட்டைக் கும்பிட்டதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன அண்ணி, பேச மாட்டேங்கிறீங்க?"

"அது எங்க அக்கா கத்தினது."

"தெரியும் அண்ணி, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. ஸ்பெஷல் கிளாஸ்னு வீட்ல பொய் சொல்லிட்டுப் போன கச்சேரி அது. அப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னிக்கும் தோல உரிச்சிடுவாரு, அதான் வாயத் திறக்கல. அதோட, நீங்க அக்கா கதையச் சொல்லும்போது உங்க மூஞ்சியே மாறிடும். அதக் கெடுக்க மனசு வரல."

"இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அவரு கூப்பிட்டாரு அண்ணி. கால் தானா எந்திரிச்சிடுச்சு."

எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது பார்! நீ உடனே குழுவுக்கு எழுதியாக வேண்டும். உன் குரலைப் பதிவு செய்து அனுப்பு. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டாவது அடுத்த கச்சேரிக்கு வந்து, அவளை வைத்துக்கொண்டே கத்திக் காட்டு. அந்த இடம் உன்னுடையது, அதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். நீ பக்கத்தில் இல்லாத இத்தனை வருஷமும் எனக்கு அது ஒன்றுதான் நீயாக இருந்தது.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் சித்தியின் ஆசிகள், பொய் சொல்லாதவர்களாக வளரட்டும். உன் முழங்காலுக்கு மட்டும் என் கோபம், அது நன்றாக இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

என்றும் உன் கட்சியில் இருக்கும்,
தங்கை

பின்குறிப்பு: உறையில் எழுத உன் புது வீட்டு எண்ணைக் கேட்கத்தான் உனக்கு ஃபோன் செய்தேன். அதோடு வைத்திருக்கலாம். "நான் எங்கடி கத்தினேன்? எனக்கு அன்னிக்குத் தொண்ட கட்டி, பேச்சே வரல. பின்னாடி ஒரு பொண்ணு கத்துச்சு. நீ கண்ணத் திறந்ததும் 'அக்கா, நீ பெரிய ஆளுடி'ன்னு என்னக் கட்டிக்கிட்ட. ஆசையா இருந்துச்சு, சரின்னு விட்டுட்டேன்" என்று சிரிக்கிறாயே, உனக்கு இருக்கிறது! கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன், படித்து வெட்கப்படு. இதை நினைத்தால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது: பிரசவ அறையில், நாடா தேயத் தேய, நான் இத்தனை வருஷம் உருகி உருகிக் கேட்டது என் நாத்தனாரின் குரலை. குழு அடுத்த கச்சேரிக்கு அவளுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருக்கிறது. "வர்றீங்களா அண்ணி?" என்று காலையில் மெதுவாகக் கேட்டாள், அவளுக்கு மெதுவாகவும் பேச வருகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: பக்கத்தில் உட்காரக் கூடாது, எனக்குப் பின்னால் உட்கார வேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.