பூட்டுக்காரன் கேட்ட துப்பாக்கி

துப்பாக்கி வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். எங்கள் பகுதியில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டியது நான்தான். அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். போனது ஒரு மிக்ஸியும் ஒரு கைக்கடிகாரமும். மானம் தனி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கதவை ஒன்பது தடவை இழுத்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். குக்கர் விசிலடித்தால் சுத்தியலைத் தூக்குவேன். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர், நான் சுத்தியலோடு பாய்ந்ததைப் பார்த்து ஏணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

“ஏங்க, ஒரு டாக்டரைப் பார்ப்போமா?” என்றாள் மனைவி.

“எனக்கென்ன பைத்தியமா?”

“தூக்கம் வரலைன்னா டாக்டரைத்தானே பார்க்கணும்?”

“எனக்கு டாக்டர் வேண்டாம். துப்பாக்கிதான் வேணும்!”

“சரி, வாங்கிடுங்க.”

“என்னது?”

“வாங்குங்கன்னேன். எழுத்து வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க கடையைப் பாருங்க.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்னதை அவள் உடனே ஒப்புக்கொண்டது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒரு பாரத்தை நீட்டினாள். அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக் காகிதம் எதையும் நான் படிப்பதில்லை. படித்தால் கேள்வி கேட்பேன், கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

“ஒரு சின்ன விஷயம். துப்பாக்கி லைசென்ஸுக்கு மனநல டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கணும். சட்டம்.”

நான் எகிறிக் குதித்தேன். “சுடப்போறது துப்பாக்கி! என் மனசை எதுக்குச் சோதிக்கணும்?”

“துப்பாக்கி தானாவா சுடுது? வண்டி ஓட்டறவனுக்குக் கண்ணைச் சோதிக்கறாங்க. துப்பாக்கி பிடிக்கறவனுக்கு மனசைச் சோதிக்கறாங்க. நல்லா இருக்கறவர் நீங்க எதுக்குப் பயப்படணும்?”

பயமா? எனக்கா? இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். சிரித்த முகமாக இருக்க வேண்டும். எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

“தூக்கம் எப்படி?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்.”

“பயம், பதற்றம் ஏதாவது?”

“அப்படின்னா என்னங்க?”

“நல்லது. இங்க வந்து உட்கார்ந்து பேசலாமா?”

அப்போதுதான் கவனித்தேன். நான் கதவோரம் மண்டி போட்டிருந்தேன். டாக்டரம்மாவின் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. அதன் நாலு ஸ்க்ரூவும் என் சட்டைப் பையில்.

“லொடலொடன்னு ஆடுதுங்க. யார் வேணும்னாலும் உள்ள வந்துடலாம்.”

“யார் வருவாங்கன்னு நினைக்கறீங்க?”

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். நானும் ஒத்திகையை மறந்து உளறிக் கொட்டினேன். திருட்டு, தூக்கம், தையல்காரர், எல்லாம் வந்துவிட்டது. அவர் மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு உங்க கையில சுத்தியலுக்குப் பதிலா துப்பாக்கி இருந்திருந்தா?”

அந்த மனுஷன் ஏணியும் கையுமாக நின்ற முகம் கண்முன் வந்தது. அவருக்கு இரண்டு சின்னப் பெண்கள். நாற்பத்தெட்டு வயதில், தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன்.

“கொஞ்ச நாள் வாரா வாரம் வாங்க. சான்றிதழைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

நாலு மாதம் போனேன். துப்பாக்கிக்காகத்தான், வேறெதற்கும் இல்லை. மாத்திரை, பேச்சு, மூச்சுப் பயிற்சி. ஒன்பது தடவை ஐந்தானது, ஐந்து ஒன்றானது. தூக்கம் வந்தது. தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக மன்னித்தார். ஏணி மட்டும் அப்புறம் கேட்பதே இல்லை.

ஒருவழியாகச் சான்றிதழும் கிடைத்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார்.

“உங்க பேர்ல விண்ணப்பமே வரலையே சார்.”

வீட்டுக்கு ஓடினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ விண்ணப்பம் கொடுக்கலையா?”

“இல்லையே.”

“நான் கையெழுத்துப் போட்டேனே!”

“அது ஆஸ்பத்திரில பேர் பதியற பாரம். மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே.”

“அப்ப அந்தச் சட்டம்?”

“அது நிஜம். அது மட்டும் இல்லைன்னா உங்களை எதைச் சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது? அதைக் கொண்டு வந்தவங்க நல்லா இருக்கட்டும்.” ஒரு சட்டையை உதறினாள். “இப்பதான் சான்றிதழ் இருக்கே. இன்னும் துப்பாக்கி வேணும்னா சொல்லுங்க, நிஜமாவே விண்ணப்பம் கொடுத்துட்டு வரேன்.”

யோசித்தேன். வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் நாலு மாதம் ஏமாற்றியிருக்கிறாளே! புருஷன் என்ற முறையில் ஒரு கத்தாவது கத்த வேண்டாமா? இடுப்பில் கை வைத்தேன். மூச்சை நன்றாக இழுத்து வாயைத் திறந்தேன்.

கோபமே வரவில்லை, அவ்வளவு நன்றாகக் குணப்படுத்தித் தொலைத்திருக்கிறார்கள்.